கை மட்டும் கடைசியில்

ஓடுகிற படம் சின்னச் சின்னக் கட்டங்களாக உதிர்ந்து காணாமல் போகும் 'பிக்சல் டிஸ்ஸால்வ்' எஃபெக்ட் எனக்கு அறவே பிடிக்காது. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை உதிர்ந்து பெண் வருவதும், பெண் உதிர்ந்து தாம்பூலத் தட்டு வருவதும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. கேட்கிறார்கள், போடுகிறேன். மேலகரத்தில் எடிட்டிங் கடை வைத்துக்கொண்டு ரசனை பேசினால் சோறு கிடைக்காது.

ஆனால் பதினாறாம் நாள் படத்திறப்பு வீடியோவில் மட்டும் அதைச் சேர்க்க மாட்டேன். செத்தவர் முகத்தைச் சில்லுச் சில்லாக உடைப்பதா? குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருந்த அண்ணாச்சி இறந்தபோது அவர் மகனும், கடைசியில் படம் மெதுவாக மங்கினால் போதும் என்றுதான் சொன்னான். அப்படியே முடித்துவைத்தேன்.

படத்திறப்புக்கு முந்தின நாள் காலையில் அண்ணாச்சியின் மனைவி தனியாக வந்தார். பதினாறு கழியும்வரை ஆட்கள் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க, வந்துகொண்டிருப்பார்கள்; அதுவரை அவர் வாசல்படி இறங்கக் கூடாது என்பார்கள். இறங்கி, ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

வீடியோவைப் போட்டுக் காட்டினேன். நல்லா இருந்த காலத்தில் யாரோ செல்போனில் எடுத்த துண்டுதான் கடைசியில் வரும். அண்ணாச்சி கடையில் நின்று சிப்ஸ் பொட்டலத்துக்கு நூல் சுற்றுவார், படம் மங்கிவிடும்.

அந்த அம்மா பக்கத்துத் திரையில் ஓடிய கல்யாண வீடியோவைக் காட்டினார். "அதுல பொடிப்பொடியாப் போவுதுல்லா, அதே மாதிரி வையிய்யா."

"அது கல்யாணத்துக்கு உள்ளதும்மா. துட்டி வீட்டுக்கு நல்லாருக்காது."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "துட்டி கேக்க வாரவுக என்ன சொல்லுதாவ தெரியுமா? யாருக்கும் கஷ்டம் குடுக்காம தூக்கத்துலயே பொசுக்குன்னு போய்ட்டாவ, குடுத்து வச்ச சாவுன்னு சொல்லுதாவ. பொசுக்குன்னா போனாவ? பொடிப்பொடியால்லா போனாவ. கூட இருந்து பாத்தது நான் ஒருத்திதான்."

அண்ணாச்சிக்கு மறதி நோய் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே தெரிந்தால் பைத்தியம் என்பார்கள் என்று மகன் யாரிடமும் சொல்லவிடவில்லை.

"மொதல்ல ஆளுக பேரு போச்சு. பொறவு கடைக்குப் போற வழி. பொறவு நான். 'நீ யாரு, எங்க வீட்டுல ஒனக்கு என்ன சோலி'ன்னு கேட்டாவ. கை மட்டும் மறக்கல. பொட்டலமும் இருக்காது, நூலும் இருக்காது. சும்மா சுத்திக்கிட்டே இருப்பாவ."

கடைசித் துண்டை மறுபடி திறந்தேன். வீடியோவின் மேல் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை ஒரு லேயராகப் பரப்பினேன். புள்ளிகளைச் சதுரங்களாகப் பெரிதாக்கினேன். எந்தச் சதுரம் அதிகக் கறுப்போ அதன் அடியில் இருக்கும் படம் முதலில் போகும், வெளுத்தது கடைசியில் போகும். ஓடவிட்டதும் அண்ணாச்சியின் கண் இருந்த கட்டம் எடுத்த எடுப்பிலேயே போய்விட்டது. பதறிப்போய் நிறுத்தினேன்.

"இருக்கட்டும். கண்ணுல என்னையத் தெரியாமப் போய் எவ்வளவோ நாளாச்சு. கை மட்டும் கடைசியில போவட்டும்" என்றார்.

கையை மட்டும் தனியாகப் பிரித்து மாஸ்க் போட்டு அந்த இடத்தை வெளுப்பாக்கினேன். அவர் அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

மறுநாள் தென்காசியில் ஒரு மண்டபத்தில் படத்திறப்பு. நானே போய் ஓட்டினேன். அண்ணாச்சி உதிரத் தொடங்கியதும், "இது என்ன, கல்யாண வீடியோ கணக்கா" என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். மகன் என்னை முறைத்தான். முகம் போனது, தோள் போனது, பொட்டலமும் போனது. கறுத்த திரையில் ஒரு கை மட்டும் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போனது.

அண்ணாச்சியின் தங்கை எழுந்துவந்து அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மைனி, பொங்கலுக்கு நான் வந்தப்பவும் அண்ணன் கை இப்படித்தான சுத்திக்கிட்டு இருந்துச்சு? வெளையாட்டுன்னுல்லா நெனச்சேன். எம்புட்டு நாளா இப்படி?"

"போன குத்தால சீசனுக்கு முந்துன சீசன்லேருந்து" என்றவர், நாத்தனாரைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

பதினாறு நாளாக ஊரே வந்து துட்டி கேட்டுவிட்டுப் போயிருந்தது. அவர் பட்டதை அவரிடம் ஒருவர் கேட்டது அப்போதுதான்.