கப்பலில் விட்டுவிட்டு இறங்கினோம்

நன்றாக எழுதக்கூடியவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் எழுத வெளிக்கிட்டதற்கு மன்னிக்கவேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் கூடினால் வாய் திறக்கவும் மாட்டேன்.

போன கோடையில் மகளும் நானும் கனடாவில் நாங்கள் இருக்கிற பியர்பொன்ட்ஸிலிருந்து ஜெர்மனிக்கு, அண்ணை வீட்டுக்குப் போனோம். அங்கே பிறந்து வளர்ந்த ஒரு பெடியனை மகளுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டில் வைத்துப் பெண் பார்ப்பதென்றால் விமானமே ஏறமாட்டேன் என்றாள் அவள். அதனால் இரண்டு வீட்டாரும் ரைன் ஆற்றில் கப்பலில் சுற்றிப் பார்ப்பதாக அண்ணை ஒழுங்கு செய்தார். பெயருக்குத்தான் சுற்றுலா. வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டியவள் இதற்காவது ஓம் சொல்லவேண்டுமே என்பதுதான் என் தவிப்பு.

இரண்டு கரையிலும் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள், உச்சியில் கோட்டைகள். அண்ணை ஒவ்வொன்றாகக் கைகாட்ட நான் தலையாட்டினேன். கண் மட்டும் கப்பலின் பின்பக்கம் நின்ற இரண்டு பேரிலும். பெடியன் ஏன் ஃபோனைப் பார்க்கிறான்? இவள் ஏன் தண்ணீரைப் பார்க்கிறாள்? இருந்தேன், எழும்பினேன், கட்லட் பெட்டியைத் திரும்பவும் எல்லோருக்கும் நீட்டினேன்.

"தங்கச்சி, கோட்டையைப் பார்."

"பாக்கிறன்தானே அண்ணை."

"கோட்டை அங்காலை. நீ பாக்கிறது மருமோனை."

பெடியனின் தாய் என் காதுக்குள், "நாங்கள் காவல் நிண்டால் அதுகள் எப்பிடி அக்கா கதைக்கிறது? அடுத்த ஊரிலை இறங்கி ஒருக்கா நடந்திட்டு வருவம்" என்றா.

ரொறன்ரோ கோயிலுக்கு நாங்கள் வாடகைக்குப் பிடிக்கிற பஸ் கடைசி ஆள் ஏறும்வரை நிற்கும். கப்பலும் நிற்கும் என்று நினைத்துப் பெரியவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டோம். வைன் கடைத் தெருவில் பாதி போகவில்லை, கப்பல் ஊதிய சத்தம். ஓடி வந்தால் கப்பல் நடு ஆற்றில். மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"இனி வடிவாக் கதைக்கட்டும்," என்றா தாய். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த அழகான ஊரில் ஒரு வீட்டைக்கூட நான் நின்று பார்க்கவில்லை.

மகளிடம் ஃபோனில் கேட்டு, ரயில் பிடித்து அவர்கள் இறங்கிய ஊருக்குப் போனோம். இருவரும் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டப் போகவே, "இப்ப ஒண்டும் கேக்காதையுங்கோ அம்மா" என்றாள் மகள்.

அடுத்தநாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னாள்: "நல்ல பெடியன் அம்மா. ஆனா நான் இஞ்சை வந்து இருக்கமாட்டன், அவர் அங்கை வரமாட்டாராம். கப்பலிலையே கதைச்சு முடிச்சிட்டம்." பின்னேரம் விமானம் ஏறினோம்.