முட்டை என்றால் என்னவென்று தெரியாத பெவர்லி

நாம்பூரில் டெஸ்லி ஹார்ட்விக் சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடக் கேன்டீனை அவள் கட்டி ஆண்ட காலத்தில், சூடாக இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டால் ஆறிப்போன சாசேஜ் ரோலும் பிள்ளைகளின் நாக்கைச் சுட்டது. ஓய்வுபெற்று, கணவனையும் அடக்கம் செய்த பிறகு, அதட்டுவதற்கு வீட்டில் ஓர் உயிர் தேவைப்பட்டது. முறைப்படி லைசென்ஸ் எடுத்து ஒரு மலைப்பாம்பை வளர்த்தாள். பெயர் பெவர்லி. ஆளுயர நீளம், லட்சணமான முகவெட்டு. பெவர்லியின் சாப்பாட்டு எலிகள் ஃப்ரீஸரில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்திலேயே உறைந்து கிடந்ததால், அந்த வீட்டில் யாரும் இரண்டாம் தடவை ஐஸ்கிரீம் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டு க்ளாரி கோழி வளர்ப்பவர். போன கோடையில் முட்டை குறைந்தபோது, கிளப்பில் பீர் டம்ளரோடு ஜாடை பேசினார்.

"எங்க தெருவுல ஒருத்தி முட்டைக்குக் காசே குடுக்கறதில்ல. அவளுக்குக் காலும் கிடையாது."

டெஸ்லி எழுந்து நின்றாள். "க்ளாரி, எங்க பெவர்லி கண்ணாடிப் பெட்டிய விட்டு வெளிய வந்ததே இல்ல. முட்டைன்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது."

கிளப் ஏற்றுக்கொண்டது. சொன்னவள் டெஸ்லி ஆயிற்றே. காலை வெயிலுக்குப் பெவர்லியைப் பின்வராந்தாவில் விட்டுவிட்டு, குறுக்கெழுத்துக் கட்டங்களின் மேலேயே தான் கண்ணயர்ந்துவிடுவது உண்டு என்ற சிறு விவரத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

குளிர் விடுகிற சமயத்தில் பெவர்லியின் உடம்பு நடுவே ஒரு கட்டி புறப்பட்டது. எலியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. டெஸ்லி தன் நல்ல தலையணை உறைக்குள் அவளை இட்டு, மிருக டாக்டர் லாக்லனிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். லாக்லன் அவள் கேன்டீனில் வளர்ந்த பிள்ளை. எக்ஸ்ரே மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்ததால் விரலால் அமுக்கிப் பார்த்தான்.

"கல்லு மாதிரி இருக்கு. எதையாவது முழுங்கியிருக்கலாம். வெளிய கிளிய விடுவீங்களா, மிஸஸ் ஹார்ட்விக்?"

திறந்த கதவுக்கு அப்பால், மடியில் பூனையோடு கிளப் செயலாளர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"விடவே மாட்டேன்" என்றாள் டெஸ்லி.

"அப்போ முழுங்க வழியில்ல. புற்றுக்கட்டியாத்தான் இருக்கணும். இந்த வயசுல அறுத்தா தாங்க மாட்டா. வலியில்லாம தூங்க வெச்சுடலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

அன்று மாலை டெஸ்லி பெவர்லியை மடியில் போட்டுக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தாள். துக்கம் விசாரிக்க க்ளாரி கேக்கோடு வந்தார்.

"ஆயிரம் இருந்தாலும் நம்ம தெருப் பொண்ணு." தொப்பியைக் கழற்றினார். "எனக்கும் நேரம் சரியில்ல, டெஸ்லி. கோழிங்க முட்டையிடறத நிறுத்திடுச்சு. அதுங்களை ஏமாத்தத்தான் கூட்டுல ஒரு கோல்ஃப் பந்து வெச்சிருந்தேன். முட்டைன்னு நம்பிப் பக்கத்துலயே இடும். அதையும் காணோம். கோல்ஃப் பந்தைக்கூடவா திருடுவாங்க?"

டெஸ்லியின் கை கட்டியின் மேல் நின்றது.

"எவ்ளோ பெருசு அந்தப் பந்து?"

"கோல்ஃப் பந்து அளவுதான்."

இருவரும் பெவர்லியைப் பார்த்தார்கள். க்ளாரி கேக்கை வெட்டத் தொடங்கினார். வாயை மூடிக்கொண்டால் பெவர்லி களங்கமில்லாத பெயரோடு புதைக்கப்படுவாள். டெஸ்லியின் சொல்லும் நிற்கும். டெஸ்லி போனை எடுத்தாள்.

"லாக்லன், நான் சொன்னது பொய். அவ வெளிய போவா. கோழிக் கூடு வரைக்கும் போயிருக்கா."

மறுநாள் லாக்லன் பெவர்லிக்கு மயக்கம் கொடுத்து, எண்ணெய் ஊற்றி, உடம்பை நீவி நீவி, பந்தை வந்த வழியே வாய்க்குத் திருப்பி அனுப்பினான். திரும்பும்போது க்ளாரியின் வண்டியில் டெஸ்லியின் மடியில் பெவர்லி சுருண்டிருந்த தலையணை உறையும், அதன் மேல் வராந்தாக் கதவுக்கு வாங்கிய புதுத் தாழ்ப்பாளும் இருந்தன. பந்து க்ளாரியின் சட்டைப் பையில்.

"நான் அடிச்சு இது இவ்ளோ தூரம் போனதே இல்ல" என்றார்.

"கிளப்புல சொல்லத்தானே போற? சொல்லு."

"என்னத்தச் சொல்ல? முட்டைன்னா என்னன்னே அவளுக்குத் தெரியாதுன்னு நீ அன்னிக்கே சொன்னே. பந்தை முழுங்கி நிரூபிச்சுட்டாளே."