சேதுலட்சுமியின் ராசிக்கை

அக்காள்மடத்திலிருந்து உச்சிப்புளி வரைக்கும் மல்லிகை போடுகிறவர்கள் சேதுலட்சுமியின் கையைப் பற்றிப் பேசுவார்கள். முகத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. அவள் நறுக்கி ஊன்றிய மல்லிகைக் குச்சி வேர் பிடிக்காமல் போகாது, அவள் கையால் வாங்கிய நாற்று பூக்காமல் இருக்காது என்று பேர். தங்கச்சிமடத்தில் தர்மராஜ் வைத்திருக்கும் நாற்றுத் தோட்டத்துக்கு வருகிறவர்கள், முதலாளி எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். "அந்தக் கைராசிக்காரப் பிள்ளையக் கூப்பிடுங்க" என்பார்கள். அவளும் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதல் நாற்றை வலது கையால் எடுத்துக் கொடுப்பாள்.

ஊரே கொண்டாடிய அந்த வலது கை, உண்மையைச் சொன்னால், சும்மா இருந்து பேர் வாங்கிய கை. குச்சி நறுக்கியதெல்லாம் இடது கைதான்.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடது கைதான் முந்தும். சின்ன வயதில் அந்தக் கையால் சோற்றைத் தொட்டதற்கு அம்மா அகப்பைக் காம்பால் போட்ட தழும்பு இன்னும் விரல் முட்டியில் இருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று, காபித் தட்டைத் தூக்கும்வரை அந்தக் கையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தார்கள். சோறு, கோலம், திருநீறு, கொடுப்பது, வாங்குவது எல்லாவற்றுக்கும் வலது கையைப் பழக்கிவிட்டாள். கத்தி மட்டும் பழகவில்லை. வலது கையில் பிடித்தால் குச்சிக்கு முன்னால் விரல் வெட்டுப்படும். அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பனைமட்டை வேலியைப் பார்த்து, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நறுக்கினாள். சாமிக்குப் போகிற மல்லிகையை நொட்டாங்கையால் வெட்டுகிறாள் என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்?

பேர் பெருகப் பெருக, அந்த முதுகுக்கும் ஓர் அர்த்தம் வந்துவிட்டது. ராசிக்காரி குச்சி வெட்டும்போது கண் படக்கூடாதாம், அதனால்தான் திரும்பி உட்காருகிறாளாம். இதைக் கிளப்பிவிட்டது தர்மராஜாகத்தான் இருக்க வேண்டும். வியாபாரி அல்லவா.

இந்த வருஷம் மழை விட்ட கையோடு, தர்மராஜின் தங்கை மகன் யோகேஸ்வரன் கத்தாரிலிருந்து லீவில் வந்தான். அங்கே அவனுக்கும் தோட்ட வேலைதான். மாமாவுக்கென்று இரண்டு மடக்குக் கத்தி கொண்டுவந்தான். ஒட்டுக் கட்டுகிறவர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் வகை. கருத்த மரப்பிடி, பித்தளை ஆணி, மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

"ரெண்டும் ஒண்ணு இல்ல மாமா," என்றான் யோகேஸ்வரன். "இந்தக் கத்தியில ஒரு பக்கந்தேன் தீட்டியிருக்கும், மறுபக்கம் தட்டையா இருக்கும். இது வலது கைக்காரவுகளுக்கு. அது இடது கைக்காரவுகளுக்கு, பக்கம் மாத்தித் தீட்டியிருக்கு. கடையில சரியாப் பாக்காம எடுத்தாந்துட்டேன்."

"நொட்டாங்கைக்குன்னு கூடவா கத்தி செய்றாய்ங்க," என்று தர்மராஜ் சிரித்தார். "சேது, இங்கன வா. ராசிக்காரி நீதேன் மொதல்ல எடுக்கணும். எது வேணும்?"

சேதுலட்சுமி இரண்டையும் விரித்துப் பார்த்தாள். தன்னைப் போன்ற கைக்காகவும் எங்கோ ஒருவர் உட்கார்ந்து கத்தி செய்கிறார் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆசை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் பக்கத்தில் உலகம்மாள் நிற்கிறாள். அவளும் குச்சி வெட்டுகிறவள். அவள் வாயில் விழுந்த சங்கதி பாம்பன் பாலத்தைத் தாண்டாமல் நிற்காது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே. சேதுலட்சுமி வலது கைக் கத்தியை, வலது கையாலேயே எடுத்துக்கொண்டாள். மற்றது உலகம்மாளுக்குப் போயிற்று. இரண்டு பக்கமும் தீட்டிய, எந்தக் கைக்கும் பொருந்துகிற பழைய கத்திகளைத் தர்மராஜ் அன்றைக்கே இரும்புக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றுவிட்டார்.

அதிலிருந்து தோட்டத்தில் நிம்மதி இல்லை. "ஏத்தா, இது வெட்டல, கடிக்கிது," என்று உலகம்மாள் புலம்பினாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் தர்மராஜ். எல்லாரும் சிரித்தார்கள். சேதுலட்சுமியால் சிரிக்க முடியவில்லை. வேலியோரத்தில் அவள் கத்தியும் கடித்துக்கொண்டுதான் இருந்தது. சரிவாக இறங்க வேண்டிய வெட்டு பக்கவாட்டில் இழுத்தது. தோல் நார் நாராகக் கிழிந்தது. ஊன்றிய குச்சிகள் அடி கருத்துப் பாத்தியிலேயே அழுகின. தர்மராஜ் ஒன்றைப் பிடுங்கி மோந்து பார்த்துவிட்டு, கண்ணேறு பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் கொண்டுவந்து அவள் வலது கையைச் சுற்றிப் போட்டார். இடது கை பாட்டுக்கு மடியில் கிடந்தது.

கைராசி போய்விட்டது என்று இரண்டு பேர் பேசத் தொடங்கிய சமயத்தில்தான் மலையாண்டி வந்தார். உச்சிப்புளிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். போன தடவை இவளிடம் வாங்கிப்போன கொஞ்ச நாற்று பூத்துத் தள்ளியதைப் பார்த்து, இருக்கிற நிலம் முழுக்க மல்லிகைதான் என்று முடிவு செய்துவிட்டார்.

"நெல்லு ரெண்டு வருசமாக் கைய விட்டுருச்சு தாயி. இதான் இனி எங்களுக்குக் கஞ்சி. பழைய பாத்தியில இருக்கிறதக் குடு, மிச்சத்துக்கு நீயே குச்சி வெட்டி வையி. வேற யாரு கையும் வேணாம்."

அவள் குச்சியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஒன்று வெட்டினாள். கிழிந்தது. இன்னொன்றும் கிழிந்தது. இதையும் ஊன்றி, இதுவும் அழுகி, இந்த மனுஷன் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தாள். தன் பேர் போனால் தனக்கு மட்டும்தான் போகும். எழுந்து நேரே உலகம்மாளிடம் போனாள்.

"மதினி, அந்தக் கத்தியக் குடுங்க. இத நீங்க வச்சுக்கங்க."

"ஏன், அது என்ன செஞ்சிச்சு?"

"நான் இடது கைக்காரி. இம்புட்டு வருசமும் இந்தக் கையாலதேன் வெட்டுனேன்."

தர்மராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். உலகம்மாளுக்கு ராசியெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. "அடி பாவி, அத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன," என்று சண்டைக்கு வந்தாள். "இந்தச் சனியனோட நான் எம்புட்டு மாரடிச்சேன்."

சேதுலட்சுமி கத்தியை வாங்கிக்கொண்டு, முதல் தடவையாக எல்லாருக்கும் முகம் காட்டி உட்கார்ந்தாள். கணுவுக்குக் கீழே வைத்து இழுத்தாள். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. வெட்டுவாய் பச்சையாக, வழவழப்பாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

மலையாண்டி அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப போன தடவ வெட்டுன கை வேற, எனக்குக் குடுத்த கை வேறயா?"

"ஆமாய்யா."

"அது வந்து அண்ணாச்சி..." என்று தர்மராஜ் இடையில் புகுந்தார். மலையாண்டி அவரைக் கண்டுகொள்ளவில்லை. யோசித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். போகப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் துண்டை இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"வெட்டுன கைதேனே ராசிக்கை. அந்தக் கையாலயே குடு தாயி."

அந்தக் கையால் அவள் யாருக்கும் ஒரு சிட்டிகை உப்புகூடக் கொடுத்ததில்லை. பழக்கத்தில் வலது கைதான் முதலில் நாற்றுக்குப் போனது. அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இடது கையால் எடுத்துத் துண்டில் வைத்தாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெஞ்சில் வெகுகாலமாகக் கிடந்த ஒரு பாரம் இறங்கியது; அது அங்கே கிடந்ததே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது நாற்றை, யாரும் கேட்காமலே, அந்தக் கையால் கொடுத்தாள்.