பாஸ்தாவும் நீச்சல் வகுப்பும்

அவளுக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஊரார் எலும்பையெல்லாம் பார்த்துப் பார்த்தே தன் இடுப்பு ஒடிந்தவள், நீச்சல் வகுப்பில் சேர்ந்து மாதக்கணக்காகியும் தண்ணீரில் கால் நனைத்ததில்லை. இரவுச் சமையல் விட்டால்தானே. இன்று போயே தீருவதென்று, வந்ததும் வராததுமாகப் பாஸ்தாவை வேகப்போட்டாள்.

“பாஸ்தாதானே, ஒரு கொதியில முடிஞ்சிடும்,” என்று சோபாவில் சாய்ந்தபடியே தைரியம் சொன்னார், உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாத கணவர். பாஸ்தா வெந்ததென்னவோ உண்மைதான். குடைமிளகாயும் கேரட்டும் தக்காளியும்தான், என்ன காரணமோ, தாங்களாக நறுக்கிக்கொள்ளவில்லை. அவளே நறுக்கி, பூண்டோடு வதக்கி, பாஸ்தாவைக் கொட்டிப் புரட்டி எடுத்து வைத்தாள். தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். மாமியார் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்து, “நல்லாத்தான்மா இருந்துச்சு. டிபன் ஆச்சு, ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்ணப்போற?” என்றார்.

கணவரும் ஆவலோடு நிமிர்ந்தார்.

அவள் நீச்சல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அடுப்பு இன்னும் சூடாத்தான் இருக்கு, அத்தை. உங்க பிள்ளையும் சும்மாத்தான் இருக்கார்.”