பாதி வெந்த பாஸ்தா

பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு நின்றிருந்த கயல்விழி மயங்கி விழுந்துவிட்டாள் என்று போன் வந்தபோது அம்சம் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். சேறு காயாத காலோடு பஸ் ஏறி பாபநாசம் போனாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையேம்மா இவளுக்கு. மாத்திரை தர்றேன், ஆனா அது மட்டும் போதாது. கீரை, பயறு, முட்டை எல்லாம் சேரணும். வீட்டுல என்ன சாப்பிடுறா?"

 பெற்ற மகள் என்ன சாப்பிடுகிறாள் என்று தெரியாமல் அம்சம் டாக்டர் முன்னால் நின்றாள்.

கயல்விழிக்கு ஆறு வயதாக இருக்கும்போது அம்சம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அவள் புருஷன் அன்பரசன் குத்தகைக்கு எடுத்திருந்த வயலுக்கு இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் தண்ணீர் வந்து சேரவில்லை. யாராவது ஒருவர் வெளியே போயாக வேண்டியிருந்தது. பிள்ளையை அடுத்த வீட்டிலிருந்த அன்பரசனின் அக்கா ராசம்மாள் எடுத்துக்கொண்டாள். பிள்ளை இல்லாத ராசம்மாளுக்கு அது வரம். போன சித்திரையில் அம்சம் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது வாசலில் பாவாடை தாவணியில் வேறு யாரோ நின்றாள்.

அந்தப் பெண் அத்தை வீட்டிலேயே சாப்பிட்டாள், அத்தை வீட்டிலேயே படுத்தாள். அம்மா கூப்பிட்டால் "பசிக்கலைங்க" என்றாள். ஊரில் எந்தப் பிள்ளையும் தாயை 'ங்க' போட்டுப் பேசுவதில்லை. விருந்தாளியிடம் பேசுவதுபோல அவள் காட்டிய மரியாதை அம்சத்தை அறைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அம்சத்தின் வாய் சும்மா இருக்கவில்லை. "பிள்ளையை ரசம் சோத்துலயே வளத்திருக்கீங்களே அண்ணி!" என்றாள். ராசம்மாள் முகம் சிவந்தது. "வளக்க ஆள் இல்லாமத்தானே எங்கிட்ட கெடந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

மூன்றாம் நாள் கயல்விழி வேலியோரம் நின்று தோழி ஜஸீலாவோடு பேசுவது காதில் விழுந்தது. தஞ்சாவூரில் ஒரு கடையில் ஓவனில் வைத்துச் சுட்ட பாஸ்தா சாப்பிட்டதாக ஜஸீலா அளந்துகொண்டிருந்தாள். மேலே மொறுமொறு என்று, உள்ளே குழைவாக. "ஒருநாள் என்னையும் கூட்டிட்டுப் போடி" என்றாள் கயல்விழி. அந்தக் குரலில் இருந்த ஆசையை அம்சம் அதுவரை கேட்டதில்லை.

அட, இதற்காகவா! குவைத் வீட்டில் வாராவாரம் வியாழக்கிழமை தட்டுத் தட்டாக அவள் சுட்டு எடுத்த பண்டமல்லவா அது?

சனிக்கிழமை மதியமே ஆரம்பித்தாள். ஓவன் கிடையாது, பழைய அலுமினிய குக்கர் இருந்தது. பாஸ்தா கடைவீதியில் உதிரியாகக் கிடைத்தது. சீஸ் வாங்கப் போவதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தாள். கொல்லையில் விளைந்த பரங்கிக்காயை வேகவைத்து மசித்தாள். கோதுமை மாவை வெண்ணெயில் வறுத்துப் பால் ஊற்றிக் கட்டியில்லாமல் கிண்டி, பரங்கிக்காயைச் சேர்த்ததும் சாஸ் சீஸ் நிறத்துக்கே வந்துவிட்டது. இரண்டு முட்டையை அடித்து ஊற்றினாள். வெந்த பச்சைப்பயறு, பூண்டோடு வதக்கிய முருங்கைக்கீரை, பாஸ்தா எல்லாவற்றையும் அதில் பிரட்டி டப்பாவில் நிரப்பி, மேலே ரஸ்க்கைப் பொடித்துத் தூவினாள்.

குக்கரின் ரப்பரையும் விசிலையும் கழற்றினாள். அடியில் கல் உப்பைப் பரப்பி, வளையம் வைத்து, அதன்மேல் டப்பாவை இறக்கி மூடினாள்.

வெளியே மழை வலுத்தது. வரப்பை வெட்டிவிட்டு வந்த அன்பரசன் தலையைத் துவட்டியபடி எட்டிப் பார்த்தான். "தண்ணி ஊத்தாமலா குக்கரை வைக்கிற? வெடிச்சுத் தொலைக்கப்போவுது."

"விசில் இல்லைங்க. வெடிக்காது."

"அவ வரமாட்டா அம்சம். சும்மா மனசை வருத்திக்காத."

அவள் குக்கர் பக்கம் திரும்பினாள். மூடியின் ஓரத்தில் வாசனை கிளம்பும் நேரம் அது. கிளம்பவில்லை. குனிந்து பார்த்தாள். நீலத் தீ சுருங்கி, ஒருமுறை படபடத்து, அணைந்தது.

சிலிண்டரை ஆட்டினாள், சாய்த்தாள், மறுபடி பற்றவைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மழையில் வண்டி வராமல் புது சிலிண்டர் நாலு நாளாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் நடுவில் சாஸ் இன்னும் தளதளவென்று ஆடியது. முட்டை பச்சையாகவே இருந்தது. அப்படியே விட்டால் குப்பைக்குத்தான் போகும்.

அம்சம் துணியைச் சுற்றி குக்கரைத் தூக்கினாள்.

"எங்க போற?"

"அண்ணி வீட்டுல விறகடுப்பு இருக்குல்ல."

அன்பரசன் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. "அன்னைக்கு அவ்வளவு பேசிட்டு இப்ப அக்கா வீட்டுக்கா? கதவைத் தொறக்காட்டி என்ன செய்வ?"

"திரும்பி வருவேன்."

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். வழியெல்லாம் சேறு வழுக்கியது. சூடு துணியைத் தாண்டிக் கையைக் கடித்தது. கீழே வைத்துக் கை மாற்றவும் இடமில்லை, எங்கும் தண்ணீர். ராசம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அம்சம் முழங்காலால் இடித்தாள்.

கதவைத் திறந்த ராசம்மாள் அவளையும் குக்கரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே கயல்விழி புத்தகத்தோடு எழுந்து நின்றாள்.

"கேஸ் தீந்துபோச்சு அண்ணி. பிள்ளைக்குன்னு செஞ்சேன், பாதிதான் வெந்திருக்கு." அம்சம் குக்கரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

 ராசம்மாள் வழி விடவில்லை. தாழ்வாரத்தில் மழை கொட்டியது. பிறகு அம்சத்தின் சிவந்த விரல்கள் அவள் கண்ணில் பட்டன.

"கையைச் சுட்டுக்கிட்டு நிக்கிறியே, கொண்டா இப்படி!" என்று முந்தானையால் பிடித்து வாங்கினாள்.

விறகு ஈரமாக இருந்தது. மூன்று பேரும் புகையில் இருமினார்கள். ராசம்மாள் குனிந்து ஊதினாள். கயல்விழி தென்னை மட்டையை ஒடித்துப் போட்டாள். தீ பிடித்ததும் ராசம்மாள் இடுக்கியால் நாலு தணலை எடுத்து மூடியின்மேல் பரப்பினாள். "மேல சூடு வேணுமில்ல? பிரியாணிக்கு வைப்பாங்களே, அதுமாதிரி."

அம்சத்துக்கு இது தோன்றவே இல்லை. தலையாட்டினாள்.

கயல்விழி தீயைப் பார்த்தபடி கேட்டாள். "அங்க அந்தப் பிள்ளைங்களுக்கும் இதத்தான் செஞ்சு குடுப்பீங்களா?"

"ஆமா."

"அப்பல்லாம் என்னை நெனைப்பீங்களா?"

ராசம்மாள் ஊதுவதை நிறுத்தினாள். தினமும் நினைத்தேன் என்று சொல்வது எளிது. அம்சத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"முதல்ல தட்டைத் தொடும்போதெல்லாம் அழுதேன். அப்புறம் வேலை பழகிப்போச்சு. நெனைக்காமலேயே படுத்துத் தூங்குன நாளும் உண்டு."

கயல்விழியின் முகம் கோணியது. எழுந்து போய்விடுவாள் என்று அம்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் போகவில்லை. கையிலிருந்த மட்டையைத் துண்டு துண்டாக ஒடித்தாள்.

"எனக்கும் உன் மொகம் மறந்துபோச்சு," என்றாள். "போன்ல பாத்தாத்தான் ஞாபகம் வரும்." சொல்லும்போதே உடைந்து அழுதாள். அம்சம் நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடுவதற்குத் தைரியம் வரவில்லை. முழங்கை இரண்டும் உரசியபடி இருந்தன.

மூடியைத் திறந்தபோது மேற்புறம் செம்பழுப்பாக வெடித்திருந்தது. ஒரு ஓரம் கருகிப்போயிருந்தது. ராசம்மாள் ஒரு வாய் எடுத்து மென்று, "உப்பு பத்தல" என்றாள். கயல்விழி முதல் வாயிலேயே முருங்கை இலையைக் கண்டுபிடித்துவிட்டாள். முகத்தைச் சுளித்தாள். ஆனால் துப்பவில்லை. இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினாள். அன்பரசனுக்கென்று எடுத்துவைத்த பங்கிலும் மொறுமொறுப்பான மேல்புறத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள்.

அன்று இரவும் கயல்விழி அத்தை வீட்டிலேயே படுத்தாள். அம்சம் கூப்பிடவில்லை.

மார்கழிக்குள் ரத்தம் கொஞ்சம் ஏறியது. இப்போது சில நாள் இங்கே, சில நாள் அங்கே என்று படுக்கிறாள். சனிக்கிழமைகளில் அம்சம் டப்பாவை நிரப்பி எடுத்துக்கொண்டு அண்ணியின் விறகடுப்புக்குப் போகிறாள். புது சிலிண்டர் வந்து ரொம்ப நாளாயிற்று.