முத்தனின் கடைவாய்ப் பல் வழக்கு

கண்டிக் கோர்ட்டு வாசலில் மனு எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவன் மை இல்லாமல்கூட ஒரு நாளை ஓட்டிவிடலாம்; சந்தேகம் இல்லாமல் ஓட்ட முடியாது. பல்வலியில் சுவரோடு தலையை முட்டிக்கொண்ட வாசகர்களே, உங்களுக்கு இந்த வழக்கு புரியும்.

வீங்கிய கன்னம்

கட்டுகஸ்தோட்டைக் கோப்பி ஸ்டோரில் மூட்டை தூக்கும் முத்தன், ஒரு கன்னம் பூசணிக்காயாக வீங்கி என் முன்னால் வந்து நின்றான். பல் பிடுங்கும் வைத்தியர் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்து நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டாராம். கஞ்சிகூட இறங்கவில்லை, வேலைக்கும் போக முடியவில்லை, நட்டஈடு வேண்டுமாம். குடித்துவிட்டு விழுந்திருப்பானோ என்று முகர்ந்து பார்த்தேன். கிராம்பு வாசனைதான் வந்தது.

“பிடுங்கின பல் எங்கே? அதுதானே அத்தாட்சி!” என்றேன். கூலிக்காரர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கூரையில் எறிந்துவிட்டானாம். அட பாவி மனுஷா! நான் தலையில் அடித்துக்கொள்ள, கூட வந்திருந்த அவன் பெண்சாதி மாரியாயிக்குக் கோபம் வந்துவிட்டது.

“விழுந்த பல்லக் கூரையில போடாம, பின்ன மடியிலயா முடிஞ்சுக்குவாங்க?”

வைத்தியரின் கோப்பி

வைத்தியரை நேரில் பார்க்கப் போனேன். உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டு, கருப்பட்டிக் கோப்பியும் கொடுத்தார். தப்புச் செய்யாதவனுக்கு எதற்கு இத்தனை உபசாரம்? நான் கோப்பியைத் தொடவில்லை. “ரெண்டு சொத்தை இருந்துச்சு, ஒன்னப் புடுங்கினேன். இல்லேன்னா அந்தப் பல்லக் கொண்டாங்க” என்றார். கூரை விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது? கேட்க வாயைத் திறந்தேன். அவர் என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

“உங்களுக்கும் கீழ ஒன்னு ஆடுதே, பாத்துரலாமாங்க?”

கூரை சோதனை

நானே ஏணி வைத்து ஏறினேன். புல்லுக்கூரையில் துழாவினால் ஐந்து பல் கிடைக்கிறது! லயமே அங்கேதான் எறிந்திருக்கிறது. சொத்தையில்லாத பெரிய பல் ஒன்றை ஆசையாகக் கையில் எடுத்தேன். கீழேயிருந்து பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள்.

“அது எம் பல்லு, இருந்த எடத்துலயே வைங்க!”

மிஞ்சிய அத்தாட்சி

இனி முத்தன் வாயிலிருக்கும் சொத்தைப் பல்தான் கதி. வலித்த பல் அப்படியே வலிப்பதை நீதிபதி துரை கண்ணால் பார்க்கட்டும், அதுவரை பிடுங்காதே, பொறுத்துக்கொள் என்று சத்தியம் வாங்கினேன். வழக்கு நாளன்று முத்தன் வீக்கம் வற்றி, வெற்றிலை மென்றுகொண்டு வந்தான். “வாயைத் திறடா!” திறந்தான். இரண்டு ஓட்டை. முந்தாநாள் அதே வைத்தியர் அன்பாகக் கூப்பிட்டுப் பிடுங்கிவிட்டாராம். பல் எங்கே என்று கேட்டேன். அவன் கை தானாக மேலே காட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“வழக்கு ஒங்ககிட்ட இருந்துச்சுங்க, வலி எங்கிட்டல்ல இருந்துச்சு.”

பல் பிடுங்க ஒரே ஒரு ஆள் இருக்கும் ஊரில் அவர்மேல் மனு எழுதிய எனக்கு, நேற்றிலிருந்து அந்தக் கீழ்ப்பல் வலிக்கத் தொடங்கியிருக்கிறது.