நாலு மில்லி ஆம்பியர்

வேலை முடிந்ததும், தான் மாட்டிய கம்பியைத் தானே பிடுங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னி, சிக்னல் வரவில்லை என்று திரை கத்தும். அப்போதுதான் அவர் முகம் மலரும். "புகார் சொல்லுது. பொழச்சுக்கும்" என்று கம்பியை மறுபடி மாட்டுவார்.

எங்கள் சோப்புத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் அவர். எல்லோருக்கும் 'நாலண்ணன்'. யார் சிக்கினாலும் நாலு மில்லி ஆம்பியர் புராணம் பாடுவதால் வந்த பட்டம். "டிரைவுக்கு வர்ற சிக்னல் இருபது மில்லி ஆம்பியர்னா முழு வேகம். நாலு வந்தா நில்லுன்னு அர்த்தம். ஒண்ணுமே வரலைன்னா? நிக்கச் சொல்றாங்கன்னு நினைச்சிடாதே. கம்பி அறுந்திருக்கு." பேக்கிங் பிரிவைக் கவனிக்கும் நான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பேன்.

வருகிற சிக்னலை டிரைவ் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது அவர் கட்சி. பக்கத்தில் ஓடும் பவர் கேபிளின் இரைச்சல் அதில் ஒட்டிக்கொண்டு வருமாம். அதைத் தடுக்க உறை போட்ட கம்பி. அதையும் மீறி வருவதை வடிகட்ட ஃபில்டர். கேன்டீன் வம்புக்கும் இதே வைத்தியம்தான். மேனேஜரை மாற்றப்போகிறார்கள் என்று யாராவது மூச்சிரைக்க ஓடி வந்தால், "சாப்பிட்டுட்டு வந்து இதையே திரும்பச் சொல்லு, பார்ப்போம்" என்பார். பாதிச் செய்திகள் அதற்குள் செத்துவிடும்.

இப்பேர்ப்பட்ட மனிதர் சொந்த மகளிடம் இரண்டு வருடமாகப் பேசவில்லை. அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். இவர் இனிமேல் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் தினமும் மதியம் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அவளும் திருப்பி ஒன்று கொடுப்பாள். அதன் பிறகே டிபன் பாக்ஸ் திறக்கும்.

"இது என்னண்ணே கூத்து?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேச மாட்டேன்னுதான் சொன்னேன். ரிங் விட மாட்டேன்னு சொல்லலையே."

எனக்கு எரிச்சலாக வந்தது. வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?

போன வாரம் அவளைப் பிரசவத்துக்குச் சேர்த்தார்கள். அவர் மனைவி துணைக்குப் போய்விட்டார். இவர் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். மதியம் ஒரு ரிங் விட்டார். திரும்பி வரவில்லை. இன்னொன்று விட்டார். அதற்கும் பதில் இல்லை.

"அண்ணிக்குப் போடுங்கண்ணே" என்றேன். போட்டார். அந்தப் போன் அணைந்திருந்தது.

"கம்பி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். சங்கு ஊதி, லைன் மறுபடி ஓட ஆரம்பித்தது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே வந்து, போனும் கையுமாகக் கன்வேயர் பக்கத்தில் நின்றார்.

சற்று நேரத்தில் மகள் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு ரிங் போனது. கட் ஆகவில்லை. தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தது.

முதலாளியே கேட்டாலும் ஓடுகிற லைனை நிறுத்தச் சம்மதிக்காதவர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சிவப்புப் பட்டனை ஓங்கி அடித்தார். சோப்புகள் வரிசையாக நின்றன. மோட்டார்கள் அடங்கின.

"நீதானா? சொல்லும்மா... சொல்லு."

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அப்படியும் இன்னொரு காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டார்.